மெமரி கார்டு ரிப்பேர் கருவியில் இருந்த பக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து சர்வீஸ் கடைகளிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிய ஒரு சின்ன கருவியைப் பலர் வைத்திருக்கிறார்கள். ஃபேட்32 முறையில் (ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்கு வைக்கும் ஒரு முறை) இருக்கும் மெமரி கார்டும் பென் டிரைவும் கெட்டுப்போனால் சரிசெய்யும் கருவி அது. போன வைகாசி முகூர்த்த சமயத்தில் காவேரிப்பட்டணத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஒரே கல்யாணத்தின் இரண்டு கார்டுகளைக் கொண்டுவந்தார். அவசரத்தில் முதல் கார்டை நேராகக் கருவியில் ஓட்டினோம். அதில் இருந்த ஒன்பது வீடியோவும் ஒவ்வொன்றும் 3 ஜிபி அளவு இருந்தவை, வெறும் 32 கேபி ஆகி நின்றன. பழுது எங்கள் கோடில்தான் இருந்தது (இப்படிக் கோடில் இருக்கும் தப்பைத்தான் பக் என்கிறோம்), இப்போது சரிசெய்துவிட்டோம். ஆனால் அன்றிலிருந்து போனிலும் கடையிலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி ஒரே இடத்தில் பதில் வைக்கிறேன்.

அண்ணா, கார்டைப் போட்டா "ஃபார்மேட் பண்ணட்டுமா"ன்னு கேக்குது. உங்க டூலை ஓட்டிடலாமா?

ஃபார்மேட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கருவியையும் உடனே ஓட்ட வேண்டாம். முதலில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்து வையுங்கள். 32 ஜிபி கார்டு என்றால் இமேஜும் 32 ஜிபி வரும், ஹார்டு டிஸ்கில் இடம் இல்லையென்றால் இடம் பண்ணிக்கொண்டு ஆரம்பியுங்கள். கார்டு ஒழுங்காகப் படிக்கிறது என்றால் லினக்ஸில் டிடி என்ற நகல் எடுக்கும் கட்டளை போதும், நடுவில் தடுமாறினால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி நல்லது. அது படிக்க வராத இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மற்றதை முதலில் எடுத்துவிடும், பிறகு அந்த இடத்துக்குத் திரும்பி வந்து முயற்சி செய்யும். ரிப்பேர் எல்லாம் அந்த இமேஜின் நகல் மேல்தான் நடக்க வேண்டும், கார்டைக் கழற்றி உறையில் போட்டுவிடுங்கள்.

எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக்கைத் தள்ளிவிட்டால் பத்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த லாக் கார்டுக்கு உள்ளே எதையும் தடுப்பதில்லை. கார்டு ரீடர் அதைப் பார்த்து மதித்தால்தான் உண்டு.

ஃபைல் சிஸ்டம் ரிப்பேர்னா, கெட்டுப்போன போட்டோவை சரி பண்ணுமா?

பண்ணாது. போட்டோவுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எந்த ஃபைல் கார்டில் எங்கெங்கே இருக்கிறது என்ற கணக்கைத்தான் அது பார்க்கிறது.

ஃபேட்32-இல் அந்தக் கணக்கு இப்படி: கார்டு முழுவதும் கிளஸ்டர் என்று ஒரே அளவுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும், 32 ஜிபி கார்டில் பெரும்பாலும் ஒரு துண்டு 32 கேபி. ஃபைலின் பெயர் எழுதியிருக்கும் இடத்தில் முதல் கிளஸ்டரின் எண் மட்டும் இருக்கும். அடுத்தது எது என்பதை ஃபேட் டேபிள் சொல்லும். ஊரில் வழி கேட்டால் "அந்த வேப்பமரத்து வீட்டில் கேளுங்கள்" என்பார்கள், அந்த வீட்டில் இன்னொரு வீட்டைக் காட்டுவார்கள், அதேபோல 292-ஆம் கிளஸ்டருக்கான கட்டத்தில் 293 என்று இருக்கும், 293-இல் 294 என்று இருக்கும், கடைசிக் கட்டத்தில் "இதோடு முடிந்தது" என்ற குறி இருக்கும். இதைத்தான் செயின் என்கிறோம். 3.2 ஜிபி வீடியோ என்றால் ஏறத்தாழ 97,000 கிளஸ்டர் நீளச் செயின். நடுவில் ஒரு கட்டம் தப்பாகப் படிக்கப்பட்டாலும் அதற்கு அப்புறம் உள்ளது எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும்.

சரி, அந்த பக் என்னதான்? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.

டேபிளில் ஒவ்வொரு கட்டமும் 32 பிட் (பிட் என்றால் 0 அல்லது 1 நிற்கும் ஒரு இடம்). பெயரும் ஃபேட்32. ஆனால் கிளஸ்டர் எண்ணுக்குக் கீழே உள்ள 28 பிட் மட்டும்தான், மேலே உள்ள நாலு பிட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டவை. படிக்கும்போது அவற்றைக் கண்டுகொள்ளக் கூடாது, எழுதும்போது இருந்தபடியே விட்டுவிட வேண்டும். நாங்கள் 32 பிட்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்துவிட்டோம்.

நிறைய கார்டுகளில் அந்த நாலு பிட்டும் பூஜ்யமாகவே இருக்கும், அதனால் இரண்டு வருடமாகத் தப்பு வெளியே தெரியவில்லை. காவேரிப்பட்டணத்துக் கார்டை எழுதிய கருவி மேல் பிட்டுகளில் 1 என்று போட்டிருந்தது. 293 என்று படிக்க வேண்டிய கட்டத்தை எங்கள் கோடு 26,84,35,749 என்று படித்தது. அந்தக் கார்டில் மொத்தமே பத்து லட்சம் கிளஸ்டர் இல்லை. "இல்லாத கிளஸ்டரைக் காட்டுகிறது, செயின் அறுந்திருக்கிறது" என்று முடிவு கட்டி, முதல் கிளஸ்டரோடு ஃபைலை வெட்டி, அளவையும் 32,768 பைட் என்று மாற்றி எழுதி, மிச்சத்தையெல்லாம் காலி இடம் என்று துடைத்துவிட்டது. ஒன்பது ஃபைலுக்கும் அதேதான். இரண்டாவது கார்டுக்கு முதலில் இமேஜ் எடுத்திருந்ததால் அதைப் பொறுமையாகப் பார்க்க முடிந்தது. டேபிளின் ஒவ்வொரு நாலாவது பைட்டிலும் அதே 16, 16, 16 என்று (மேல் நாலு பிட்டில் போட்ட அந்த 1, பைட்டாகப் பார்த்தால் 16) வரிசையாக நின்றபோதுதான் கார்டில் ஒரு பழுதும் இல்லை என்று தெரிந்தது.

எனக்கு கருவி நடுவுலயே நின்னு போச்சு, ஃபைல் எதுவும் வெட்டலை. அதுவும் இதே பக்தானா?

இதேதான், இன்னொரு முகம். கட்டத்தைப் படிக்கும் மாறியை நாங்கள் குறி உள்ள (அதாவது மைனஸும் வரக்கூடிய) முழு எண்ணாக வைத்திருந்தோம். மேல் நாலில் உச்சிப் பிட் 1 ஆக இருந்தால் எண் மைனஸில் போய்விடும். "அதிகபட்சத்தைவிடக் குறைவா" என்ற சோதனையில் மைனஸ் எண் தேறிவிடும், அப்புறம் அதை வைத்து டேபிளில் தேடினால் நினைவகத்தில் இல்லாத இடத்தைத் தொட்டு நிரல் விழும். உங்களுக்கு விழுந்தது நல்லதாகப் போயிற்று, எழுதும் கட்டத்துக்கு அது வரவே இல்லை.

அந்த நாலு பிட்டுல எழுதினவன் தப்புதானே? உங்க தப்புன்னு ஏன் சொல்றீங்க?

ஃபேட்32 வந்தது 1996-இல், விண்டோஸ் 95-இன் இரண்டாவது ஓஇஎம் (கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கான) பதிப்போடு. 2000 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஃபேட் விவர ஆவணத்தில் இது தெளிவாக இருக்கிறது. ஃபார்மேட் பண்ணும்போது மட்டும் 32 பிட்டையும் பூஜ்யமாக்க வேண்டும், மற்ற நேரத்தில் மேல் நாலைத் தொடக் கூடாது. மேல் நாலில் ஏதாவது இருந்து கீழ் 28 பூஜ்யமாக இருந்தால் அது காலிக் கட்டம்தான் என்று உதாரணத்தோடு சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிட்டுகளில் எழுதிய கருவி விதியை மீறியிருக்கலாம். ஆனால் படிக்கிறவன் அதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று எழுதியிருக்கும்போது கண்டுகொண்டது நாங்கள். ரிப்பேர் கருவி என்பது மற்றவர்கள் எழுதியதைச் சகித்துப் படிப்பதற்காகவே இருக்கிறது.

நானும் பழைய வெர்ஷன் ஓட்டியிருக்கேன். என் கார்டு மாட்டியிருக்குமான்னு எப்படிப் பாக்குறது?

ஃபைல்களின் அளவைப் பாருங்கள். பெரிய ஃபைல்கள் எல்லாம் ஒரே அளவில், சரியாக ஒரு கிளஸ்டர் அளவில் (32,768 அல்லது 16,384 பைட் மாதிரி) நின்றால் மாட்டியிருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் அப்படி இருந்தால் அது வேறு காரணமாக இருக்கலாம். இமேஜ் வைத்திருந்தால் புதிய பதிப்பை அதன் நகலில் ஓட்டுங்கள், அவ்வளவுதான் வேலை.

இமேஜ் இல்லையென்றாலும் உடனே பதற வேண்டாம். கருவி துடைத்தது கணக்கைத்தான், வீடியோ இருந்த கிளஸ்டர்களைத் தொடவில்லை. அந்தக் கார்டில் இனி ஒரு போட்டோகூட எடுக்காதீர்கள், இப்போதாவது இமேஜ் எடுங்கள். புதிதாக ஃபார்மேட் பண்ணிய கார்டில் கேமரா பெரும்பாலும் வரிசையாகத்தான் எழுதும், அதனால் முதல் கிளஸ்டரிலிருந்து தொடர்ச்சியாக எடுத்துப் பார்க்கலாம். எவ்வளவு நீளம் என்பதை ஃபைலே சொல்லும். எம்பி4 வீடியோ உள்ளே பெட்டி பெட்டியாக இருக்கும், ஒவ்வொரு பெட்டியின் முதல் நாலு பைட்டிலும் அதன் நீளம் எழுதியிருக்கும். ஜேபெக் போட்டோ 255, 216 என்ற இரண்டு பைட்டில் ஆரம்பித்து 255, 217-இல் முடியும்.

ஒரே வரியில மாஸ்க் போட்டா முடிஞ்சுதே சார். மூணு வாரம் எதுக்கு எடுத்தீங்க? (பர்கூர்ல படிக்கிற தம்பி கேட்டது)

முதல் நாள் ராத்திரி நானும் அந்த ஒரு வரியைத்தான் போட்டேன். கீழ் 28 பிட்டை மட்டும் எடுக்க ஒரு மாஸ்க், காவேரிப்பட்டணத்து இமேஜ் சுத்தமாகத் திறந்தது. மறுநாள் கோடு முழுவதும் தேடினால் டேபிளைப் படிக்கும் இடம் பதினொன்று இருந்தது, நான் திருத்தியது ஒன்றை. காலி இடத்தை எண்ணும் பகுதி தனியாக ஒரு சுற்று ஓடி முழு 32 பிட்டும் பூஜ்யமா என்று பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் காலிக் கட்டத்தையெல்லாம் நிரம்பியது என்று எண்ணி காலி இடக் கணக்கு இருக்கும் எஃப்எஸ்இன்ஃபோ பகுதியில் தப்பான எண்ணிக்கையை எழுதியிருக்கும். "முடிந்தது" குறியைச் சோதிக்கும் இடத்தில் 26,84,35,455 என்ற ஒரே எண்ணோடு ஒப்பிட்டிருந்தோம். விதிப்படி 26,84,35,448-உம் அதற்கு மேலும் எதுவானாலும் முடிவுதான். அதற்கு ஒன்று கீழே இருக்கும் 26,84,35,447 கெட்டுப்போன கிளஸ்டரின் குறி. பக்கத்து எண்கள், அர்த்தம் வேறு.

எழுதும் பக்கம் இன்னும் மோசம். படிக்கும்போது மாஸ்க் போட்டு மேல் நாலை விட்டுவிட்டோம், அதே எண்ணைத் திரும்ப எழுதும்போது மேல் நாலு பூஜ்யமாகிவிடும். என்னுடைய ஒரு வரித் திருத்தம் ஒரு பக்கை மூடி இன்னொன்றைத் திறந்திருக்கும். கடைசியில் பதினோரு இடத்தையும் எடுத்துவிட்டு, கட்டத்தைப் படிக்க ஒரே ஒரு செயல்கூறு (ஃபங்ஷன்), எழுத ஒரே ஒரு செயல்கூறு என்று வைத்தோம். எழுதும் செயல்கூறு முதலில் பழைய 32 பிட்டைப் படித்து, மேல் நாலை வைத்துக்கொண்டு, கீழ் 28-ஐ மட்டும் மாற்றி எழுதும். டேபிளை வேறு யாரும் நேராகத் தொட முடியாதபடி அடைத்துவிட்டோம். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் இதற்கும் டெஸ்டுக்கும்தான் போனது.

டேபிள் ரெண்டு காப்பி இருக்குன்னு படிச்சேன். ஒண்ணு கெட்டா இன்னொண்ணைப் போட்டுக்கலாமே?

போட்டுக்கலாம், எது கெட்டது என்று தெரிந்தால். பழைய பதிப்பு வெட்டும்போது இரண்டு காப்பியிலும் எழுதிவிட்டது, அதனால் அந்த வழியும் அடைந்துபோனது. இப்போது கருவி முதல் காப்பியை மட்டும் திருத்தி, திருத்தியதைத் திரும்ப ஒருமுறை முழுதாகச் சோதித்து, தேறிய பிறகுதான் இரண்டாவதைத் தொடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சில கார்டுகளில் மேல் நாலு பிட் முதல் காப்பியில் ஒரு மாதிரி, இரண்டாவதில் வேறு மாதிரி இருக்கிறது. பைட் பைட்டாக ஒப்பிட்டால் "இரண்டும் பொருந்தவில்லை" என்று வரும், ஆனால் அர்த்தம் ஒன்றுதான். அதனால் ஒப்பிடுவதும் மேலே சொன்ன அந்த ஒரே படிக்கும் செயல்கூறு வழியாகத்தான் நடக்கிறது.

டெஸ்ட் எப்படிப் பண்றீங்க? 32 ஜிபி இமேஜை கோடோட சேத்து வைக்க முடியாதே.

வைக்க வேண்டியதில்லை. ஒரு கார்டு ஃபேட்32-ஆ என்பதைக் கிளஸ்டர் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. 65,525-உம் அதற்கு மேலும் இருந்தால் ஃபேட்32, குறைந்தால் ஃபேட்16. கிளஸ்டரை 512 பைட் ஆக வைத்தால் 34 எம்பிக்குள் ஒரு சரியான ஃபேட்32 இமேஜ் தயாராகிவிடும். அதில் பெரும்பகுதி பூஜ்யம் என்பதால் அமுக்கினால் சில பத்து கேபிதான்.

கோடைத் தொடுவதற்கு முன்பே டெஸ்டை எழுதினோம். பழுதே இல்லாத, மேல் நாலு பிட் மட்டும் நிரம்பிய ஒரு இமேஜ். எதிர்பார்ப்பு: கருவி "பழுது இல்லை" என்று சொல்ல வேண்டும், இமேஜில் ஒரு பைட்டும் மாறக் கூடாது. பழைய கோடில் ஓட்டி அது தோற்பதைக் கண்ணால் பார்த்தோம், அப்புறம்தான் திருத்த ஆரம்பித்தோம். பூஜ்யத்தை விட்டால் நாலு பிட்டுக்கும் பதினைந்து விதமான மதிப்பு வரலாம், பதினைந்துக்கும் ஒவ்வொரு இமேஜ் இருக்கிறது. மேலே ஒரு கேள்வியில் சொன்ன, கருவி நடுவிலேயே விழுந்துபோகும் பழுது இப்படித்தான் முதலில் எங்களுக்கே தெரிந்தது.

இன்னொரு பழக்கத்தை லினக்ஸின் ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம். லினக்ஸின் சொந்த ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4-ஐச் சரிபார்க்கும் கருவி அதில்தான் இருக்கிறது. அதன் டெஸ்டுகளில் கெட்டுப்போன இமேஜ் ஒன்றை வைத்து ரிப்பேரை இரண்டு முறை ஓட்டுவார்கள், இரண்டு முறைக்கும் என்ன வர வேண்டும் என்று தனித்தனியாக எழுதி வைத்திருப்பார்கள். முதல் ஓட்டத்தில் எல்லாம் சரியாகியிருந்தால் இரண்டாவதில் சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது. இரண்டாவது முறையும் ஏதாவது "சரிசெய்தேன்" என்று ஒரு கருவி சொன்னால் அதன் முதல் ரிப்பேரையும் நம்பாதீர்கள்.

என் இமேஜையும் டெஸ்டுக்கு அனுப்பட்டுமா? ஆனா உள்ள கல்யாண போட்டோ இருக்கு, கஸ்டமர் திட்டுவாங்க.

போட்டோ எங்களுக்கு வேண்டாம், அனுப்பவும் கூடாது. கருவியில் இப்போது "கணக்கு மட்டும்" என்று ஒரு வசதி இருக்கிறது. பூட் செக்டர் (கார்டின் அமைப்பு விவரம் எழுதியிருக்கும் தொடக்கப் பகுதி), டேபிள் இரண்டு, ஃபோல்டர் பட்டியல்கள், இவற்றை மட்டும் எடுத்து மற்ற இடத்தையெல்லாம் பூஜ்யமாக்கும். ஆனால் ஃபைல் பெயரிலேயே பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், ஊர் எல்லாம் இருக்கும், அதனால் பெயர்களையும் அது கலைத்துவிடும். அனுப்புவதற்கு முன் நீங்களே திறந்து பாருங்கள், பெயர் ஏதாவது தெரிந்தால் அனுப்பாமல் சொல்லுங்கள். கஸ்டமரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

ரிப்பேர் ஆனதுக்கு அப்புறம் தெலுங்குல, கன்னடத்துல வச்ச ஃபோல்டர் பேரெல்லாம் போயி ஏதோ எட்டு எழுத்து வந்துடுச்சு. (ஓசூர்லயிருந்தும் வேப்பனப்பள்ளியிலயிருந்தும்)

நம் பக்கம் மூன்று மொழியிலும் ஃபோல்டர் பெயர் வைக்கிற ஸ்டுடியோ நிறைய, இது அவர்களுக்குத்தான் அதிகம் நடந்திருக்கிறது. ஃபேட்டில் ஒரு ஃபைலுக்கு இரண்டு பெயர்: எட்டும் மூன்றுமாகப் பதினொரு எழுத்தில் ஒரு குட்டைப் பெயர், அதற்கு முன்னால் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாகத் துண்டு போட்ட நீளப் பெயர். ஒவ்வொரு துண்டிலும் குட்டைப் பெயரிலிருந்து கணக்கிட்ட ஒரு சோதனை எண் இருக்கும். குட்டைப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றினால் அந்த எண் பொருந்தாது, பொருந்தாவிட்டால் விண்டோஸ் நீளப் பெயரை ஒதுக்கிவிட்டுக் குட்டையை மட்டும் காட்டும்.

எங்கள் பழைய பதிப்பு குட்டைப் பெயரில் விதிக்குப் புறம்பான எழுத்தைப் பார்த்தால் அடிக்கோடு போட்டு மாற்றியது, சோதனை எண்ணை மாற்றவில்லை. இப்போது இரண்டையும் சேர்த்து மாற்றுகிறது. ஏற்கெனவே போன பெயர்கள் திரும்ப வரும், ஏனென்றால் துண்டுகள் கார்டில்தான் இருக்கின்றன, புதிய பதிப்பில் "நீளப் பெயரை மீட்கவா" என்று கேட்கும்.

ரிப்பேர் ஓடும்போது கரண்ட் போச்சுன்னா?

சித்திரை வைகாசியில் கோடை இடி இறங்கினால் பாலக்கோடு, பென்னாகரம் பக்கமெல்லாம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. முதல் விடை எளிது: பேட்டரி உள்ள லேப்டாப்பில், இமேஜின் நகலில் ஓட்டுங்கள். நின்றால் நகலை எறிந்துவிட்டு இன்னொரு நகல் எடுக்கலாம்.

ஆனாலும் நேராகக் கார்டில் ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதும் வரிசையை மாற்றினோம். ஒரு ஃபைலை நீக்க வேண்டியிருந்தால் முதலில் ஃபோல்டர் பட்டியலில் அதன் பெயரை நீக்கி, அது கார்டில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே அதன் கிளஸ்டர்களைக் காலி என்று குறிக்கும். நடுவில் நின்றால் யாருக்கும் சொந்தமில்லாத கொஞ்சம் இடம் வீணாகும், அவ்வளவுதான். வரிசையைத் தலைகீழாக வைத்தால் ஃபைல் பெயர் இருக்கும், அதன் இடம் காலி என்று இருக்கும், அடுத்து எடுக்கிற போட்டோ அதன் மேலேயே உட்காரும். மாற்றுகிற ஒவ்வொரு பைட்டின் பழைய மதிப்பும் கம்ப்யூட்டரில் ஒரு மீட்பு ஃபைலில் முதலில் எழுதப்படுகிறது. அது வைகாசியிலேயே இருந்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

ரெண்டு ஃபைலும் ஒரே கிளஸ்டரை எனக்குத்தான்னு சொன்னா யாருக்குக் கொடுக்குறீங்க?

யாருக்கும் கொடுப்பதில்லை. பங்காளிச் சண்டை மாதிரி இது, கருவி தீர்ப்பு சொல்லக் கூடாது. கார்டில் இடம் இருந்தால் அந்தக் கிளஸ்டரையும் அதற்குப் பின்னால் வருவதையும் நகல் எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும், இரண்டில் ஒன்றில் குப்பை இருக்கும், எது என்று திறந்து பார்த்தால் உங்களுக்குத் தெரியும். ஈஎக்ஸ்டி4 கருவியும் இப்படித்தான் நகல் எடுக்கட்டுமா என்று கேட்கும்.

ரிப்பேர் முடிஞ்சும் விண்டோஸ் "ஸ்கேன் பண்ணவா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கே?

"ஒழுங்காக மூடப்படவில்லை" என்ற குறி இரண்டு இடத்தில் இருக்கலாம்: டேபிளின் இரண்டாவது கட்டத்தில் ஒரு பிட், பூட் செக்டரின் 65-ஆம் பைட்டில் இன்னொரு பிட். நாங்கள் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோம், இப்போது இரண்டையும். அதுவும் எல்லாத் திருத்தமும் கார்டில் இறங்கிய பிறகு கடைசியாக.

64 ஜிபி கார்டுக்கு ஓட்டலாமா?

கடையில் வாங்கும் 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட்டில் வரும். பெயரில் ஃபேட் இருந்தாலும் அமைப்பு வேறு. கருவி அதைப் பார்த்தால் தொடாமல் நின்றுவிடும்.

லினக்ஸ்ல ஃபேட் ரிப்பேர் ஏற்கெனவே இருக்கு, விண்டோஸ்ல செக்டிஸ்க் இருக்கு. நீங்க ஏன் தனியா எழுதணும்?

அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அவற்றையே பயன்படுத்துங்கள், பல வருடம் பலர் கைபட்டுத் தேறியவை. நாங்கள் ஆரம்பித்ததற்குக் காரணம் மொழிதான். கடையில் உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு "செயின் அறுந்திருக்கிறது, மிச்சத்தை விட்டுவிடவா" என்று ஆங்கிலத்தில் கேட்டால் என்டர் தட்டிவிடுவான், தமிழில் கேட்டால் ஒரு நிமிடம் யோசித்து உரிமையாளரைக் கூப்பிடுவான். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எழுதுகிறோம்.

எல்லாத்துக்கும் "ஆமா" சொல்ற ஆப்ஷனை ஏன் எடுத்துட்டீங்க? நூறு கேள்விக்கு யாரு உக்காந்து பதில் சொல்றது?

எடுத்துவிடவில்லை, ஒரு எல்லை வைத்தோம். கார்டில் உள்ள ஃபைல்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஒரே மாதிரிப் பழுது என்று தெரிந்தால் கருவி எதையும் எழுதாமல் நின்று, "என் புரிதலே தவறாக இருக்கலாம், 'கணக்கு மட்டும்' இமேஜ் எடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லும். உண்மையில் கெடுகிற கார்டு ஒரு மாதிரியாகக் கெடாது, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்றுதான் கெடும். காவேரிப்பட்டணத்துக் கார்டில் ஒன்பதுக்கு ஒன்பதும் முதல் கிளஸ்டரிலேயே அறுந்திருக்கிறது என்று வந்தது. அன்றைக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தபோதே கை நின்றிருக்க வேண்டும். பதினோரு இடத்தைத் திருத்தியதைவிட இந்த ஒரு நிறுத்தம்தான் முக்கியமான திருத்தம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு இன்னும் தெரியாத பழுதுகளுக்கும் இது காவல் நிற்கும்.

அந்த முதல் கார்டு கடைசியில என்ன ஆச்சு?

ஏழு வீடியோ முழுதாக வந்துவிட்டன. அந்தக் கேமரா பெரிய வீடியோவை எழுதும்போதே கூடவே ஒரு சின்ன வீடியோவையும் எழுதுகிறது, அதனால் கிளஸ்டர்கள் வரிசையாக இல்லை, பெரியது பல கிளஸ்டர், நடுவில் சின்னதுக்கு ஒன்று என்று மாறி மாறிக் கிடந்தன. எம்பி4-இன் கடைசிப் பெட்டியில் ஒவ்வொரு துண்டும் ஃபைலில் எத்தனையாவது பைட்டில் ஆரம்பிக்கிறது என்ற பட்டியல் இருக்கும், அதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு எது யாருடையது என்று பிரித்தோம்.

மிச்சம் இரண்டு. நடுவில் சில கிளிப்பை அழித்துவிட்டு எடுத்தவை அவை, அழித்த இடங்களில் துண்டு துண்டாக நிரம்பியிருக்கின்றன. ஒன்று மாப்பிள்ளை அழைப்பு, அதில் முதல் பதினொரு நிமிடம் வந்திருக்கிறது. இன்னொன்று தாலி கட்டிய பிறகு பெரியவர்கள் ஆசீர்வதிக்கும் பகுதி. இமேஜ் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.